சிக்னல் முழுதாக இருந்தும் வீடியோ கால் நிற்கிறதா? ஆக்சஸ் பாயின்ட் ரேடியோ செட்டிங்ஸ்: முழுமையான வழிகாட்டி

வேலூரில் சிஎம்சியைச் சுற்றி, காந்தி ரோட்டிலிருந்து பிரியும் சந்துகளில் லாட்ஜ்கள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் என்று எங்கெங்கிருந்தோ வைத்தியத்துக்கு வந்தவர்கள் வாரக்கணக்கில் தங்குகிற அறைகள். இரவு ஒன்பது மணிக்கு மாடிப்படி ஏறினால் இரண்டு பேராவது படியில் உட்கார்ந்து ஊருக்கு வீடியோ கால் பேசிக்கொண்டிருப்பார்கள். அறைக்குள்ளிருந்து பேசினால் படம் உறைந்துவிடுகிறது, அதனால்தான் படிக்கட்டு.

அப்படி ஒரு லாட்ஜுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். தரைத் தளம், மேலே மூன்று மாடி. தளத்துக்கு இரண்டு ஏபி (ஆக்சஸ் பாயின்ட், வைஃபை சிக்னலைப் பரப்பும் பெட்டி) வீதம் மொத்தம் எட்டு. "சிக்னல் ஃபுல்லா காட்டுது தம்பி, லைனும் 200 எம்பிபிஎஸ். அப்புறமும் ஏன் இப்படி?" என்று கேட்டார் ஓனர். முன்பு அமைத்தவர் சேனலை (ஏபி பேசும் அலைவரிசைத் துண்டை) ஆட்டோவிலும் பவரை உச்சத்திலும் விட்டுவிட்டுப் போயிருந்தார். பெட்டி நல்ல பெட்டி, லைன் நல்ல லைன். ரேடியோ செட்டிங்ஸைத்தான் யாரும் தொடவே இல்லை. அங்கே எந்த வரிசையில் வேலை செய்தேனோ அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். வீட்டில் ஒரே ஒரு ஏபி வைத்திருப்பவருக்கும் பெரும்பகுதி பொருந்தும். திரையில் ஆங்கிலத்தில் தெரியும் பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் கொஞ்சம் மாறலாம், இடம் ஒன்றுதான்: வயர்லெஸ் அல்லது ரேடியோஸ் என்ற பக்கம்.

பவரை ஏற்றினால் ஏன் சரியாவதில்லை

வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பேசுவதற்கு முன் ஒவ்வொரு கருவியும் காது கொடுத்துக் கேட்கும். வேறு யாராவது பேசினால் காத்திருக்கும். அந்த 'வேறு யாராவது' உங்கள் ஏபியாக இருக்க வேண்டியதில்லை. அதே சேனலில் இருந்தால் பக்கத்து லாட்ஜின் ஏபியும் கணக்கில் வரும். ஆக, உங்கள் எட்டு ஏபியும் ஒன்றின் குரல் மற்றொன்றுக்குக் கேட்கும்படி ஒரே சேனலில் முழு பவரில் இருந்தால், எட்டு இருந்தும் வேலை செய்வது ஒன்றுதான். மற்றவை முறைக்காக நிற்கும்.

இன்னொன்று, போனில் தெரியும் கோடுகள். ஏபி பேசுவது போனுக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதை மட்டுமே அவை காட்டும். திருவிழா மேடை மைக்கில் பேசினால் தெருக்கோடி வரை கேட்கும். தெருக்கோடியில் நிற்பவர் வெறும் வாயால் பதில் சொன்னால் மேடைக்குக் கேட்காது. ஏபி 23 டிபிஎம்மில் (பவரை அளக்கும் அலகு), அதாவது 200 மில்லிவாட்டில் பேசும். பேட்டரியில் ஓடும் போன் பெரும்பாலும் 14 டிபிஎம், 25 மில்லிவாட் அளவில்தான் பதில் சொல்லும். கோடு முழுதாக இருந்தும் கால் அறுந்துபோவது இதனால்தான். வீடியோ காலுக்கு இரண்டு பக்கமும் கேட்க வேண்டும்.

டிபிஎம் கணக்கு சுலபம். 3 கூடினால் பவர் இரு மடங்கு, 3 குறைந்தால் பாதி, 10 கூடினால் பத்து மடங்கு. 20 டிபிஎம் 100 மில்லிவாட், 17 என்றால் 50, 14 என்றால் 25. போனுக்கு வந்து சேரும் சிக்னல் மைனஸில் வரும். மைனஸ் 50 நல்லது, மைனஸ் 67 வரை வீடியோ கால் தாங்கும், மைனஸ் 75ஐத் தாண்டினால் திணறும்.

செட்டிங்ஸில் கை வைப்பதற்கு முன்

முதல் வேலை, இப்போதிருக்கும் அமைப்பை பேக்கப் எடுத்து லேப்டாப்பில் வையுங்கள். ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) பழையது என்றால் இப்போதே புதுப்பித்துவிடுங்கள், பிறகு செய்தால் சில பெட்டிகளில் ரேடியோ அமைப்பு மாறிவிடும்.

அடுத்தது நடை. ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு தாளுடன் கட்டடம் முழுக்க நடக்க வேண்டும். பகல் பதினோரு மணிக்கு நடந்தால் உண்மை தெரியாது. அந்த நேரத்தில் தங்கியிருப்பவர்கள் ஆஸ்பத்திரியில் வரிசையில் இருப்பார்கள். எல்லோரும் அறைக்குத் திரும்பியிருக்கும் இரவு எட்டரைக்கு மேல்தான் காற்று எப்படி நெரிகிறது என்று தெரியும்.

மூன்றாம் மாடிக் கடைசி அறையில் கட்டில் மேல் போனை வைத்துப் பார்த்தேன். நடைபாதையில் ஏபிக்கு நேர் கீழே மைனஸ் 41 இருந்தது, கட்டிலில் மைனஸ் 72. இடைவெளி எட்டு மீட்டர்கூட இல்லை. காரணம் கதவைத் திறந்ததும் தெரிந்தது. நடைபாதையை ஒட்டி பாத்ரூம், அதைத் தாண்டித்தான் கட்டில். செங்கல் சுவர் இரண்டு, அதன்மேல் டைல்ஸ், உள்ளே தண்ணீர்க் குழாய், கண்ணாடி. இந்தப் பக்கத்து லாட்ஜ்களில் பெரும்பாலும் இதே அமைப்புதான். அதோடு ஓர் இரும்பு பீரோ குறுக்கே நின்றால் கேட்கவே வேண்டாம். அளக்கும்போது வாசலில் நின்று அளக்காதீர்கள். மனிதர் எங்கே படுத்துக்கொண்டு பேசுவாரோ அங்கே அளவெடுங்கள்.

தாளில் ஒவ்வொரு அறைக்கும் மூன்று விஷயம் குறித்தால் போதும்: எந்த ஏபி, எத்தனை டிபிஎம், அதே சேனலில் வேறு எத்தனை வைஃபை பெயர் தெரிகிறது. வைஃபை பெரும்பாலும் ஓடுவது 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு பேண்டில் (அலைவரிசையில்). அந்தக் கடைசி அறையில் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் 34 பெயர் வந்தது. அதில் எங்களுடையது மூன்றுதான்.

முதல் செட்டிங்: நாடு

கன்ட்ரி அல்லது ரெகுலேட்டரி டொமைன் என்ற இடத்தில் இந்தியா இருக்கிறதா பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த பெட்டியிலும், கை மாறி வந்த பழைய பெட்டியிலும் வேறு நாடு இருக்கும். எந்த சேனல் திறக்கும், எவ்வளவு பவர் விடும் என்பதை இந்த ஒரு தேர்வுதான் தீர்மானிக்கிறது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் 1 முதல் 13 வரை உண்டு. 5 கிகாஹெர்ட்ஸில் 2018ல் வந்த அரசு விதிகளுக்குப் பிறகு 5150 முதல் 5350 வரையும், 5470 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரையும் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம். அதிக பவர் கிடைக்கும் என்று வேறு நாட்டைப் போட்டுத்தரச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது சட்டத்துக்கும் ஒத்துவராது, மேலே சொன்ன காரணத்தால் பயனும் இல்லை.

2.4 கிகாஹெர்ட்ஸ்: பாதியை அணைத்துவிடுங்கள்

இந்த பேண்டில் பக்கத்துப் பக்கத்து சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரு ஏபி பேசும்போது 20 மெகாஹெர்ட்ஸ் எடுத்துக்கொள்ளும். அதனால் 1, 6, 11 என்ற மூன்று மட்டுமே ஒன்றையொன்று இடிக்காது. "6ல் கூட்டம், 4ல் யாருமில்லையே" என்று 4ஐத் தேர்ந்தெடுத்தால் 1ல் இருப்பவர்களோடும் 6ல் இருப்பவர்களோடும் சேர்ந்து இடி வாங்குவீர்கள். ஒரே சேனலில் இருந்தால் முறை வைத்தாவது பேசலாம். அரைகுறையாக மேலே விழுந்தால் அது வெறும் இரைச்சல்.

சேனல் விட்த் (அகலம்) 20 மெகாஹெர்ட்ஸ். இதில் பேச்சே இல்லை. 40 போட்டால் பேண்டில் பாதியை ஒரே ஏபி விழுங்கிவிடும்.

மூன்று சேனலை எட்டு ஏபிக்கு எப்படிப் பங்கிடுவது? பங்கிட வேண்டாம். தளத்துக்கு ஒன்றாக நான்கில் மட்டும் 2.4 ரேடியோவை ஓட விட்டு, மற்ற நான்கில் அணைத்துவிட்டேன். தரைத் தளம் இடது பக்க ஏபியில் 1, முதல் மாடி வலது பக்கம் 6, இரண்டாம் மாடி இடது 11, மூன்றாம் மாடி வலது மறுபடி 1. ஏபியை அணைக்கிறேன் என்றதும் ஓனர் முகம் மாறியது. காசு கொடுத்து வாங்கியதாயிற்றே. அணைப்பது 2.4 ரேடியோவை மட்டும்தான், அதே பெட்டியில் 5 கிகாஹெர்ட்ஸ் ஓடும் என்று காட்டிய பிறகுதான் சம்மதித்தார்.

இந்த பேண்டைப் பழைய போன், பிரிண்டர், சில சிசிடிவி கேமராக்கள், டிவி ஆகியவற்றுக்கென்று ஒதுக்குங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் இதே அலைவரிசையில்தான் இரைகின்றன. சமையலறை ஓரத்தில் ஏபி மாட்டியிருந்தால் இடத்தை மாற்றுவதே மேல்.

5 கிகாஹெர்ட்ஸ்: அகலமும் சேனலும்

உண்மையான வேலை நடப்பது இங்கேதான், நிதானமாகச் செய்யுங்கள்.

பெட்டி வரும்போது சேனல் விட்த் 80 என்று வரும். டப்பாவில் அச்சடித்த வேகம் கிடைக்க அது தேவை. ஆனால் ரேடார் தொந்தரவு இல்லாத சேனல்கள் 36 முதல் 48 வரையும், 149 முதல் 165 வரையும் (இங்கே எண் நான்கு நான்காக ஏறும்). அவற்றை 80 அகலத்தில் வெட்டினால் இரண்டு துண்டு, 40ல் வெட்டினால் நான்கு, 20ல் வெட்டினால் ஒன்பது. எட்டு ஏபியும் 80 அகலத்தில் இரண்டு துண்டுக்குள் நின்றால் எப்படியிருக்கும்? அந்த லாட்ஜில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. சுற்றிலும் இருக்கும் லாட்ஜ்களும் அதே இரண்டு துண்டில்.

வீடியோ காலுக்கு 2 அல்லது 3 எம்பிபிஎஸ் தடங்கலில்லாமல் வந்தால் போதும். 20 அகலத்திலேயே ஒரு சாதாரண போனுக்கு 60, 70 எம்பிபிஎஸ் கிடைக்கும். எனவே என் கணக்கு இது: லாட்ஜ், ஹாஸ்டல், மண்டபம் என்றால் 20. சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ தனி வீடு, இரண்டு ஏபி என்றால் 40 தாராளம். சுற்றிலும் தோப்பு, கண்ணுக்கெட்டிய தூரத்தில் வேறு வீடு இல்லை என்றால் 80 வைத்துக்கொள்ளுங்கள். 160ஐ எங்கள் தெருக்களில் யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

52 முதல் 144 வரையுள்ள சேனல்களை டிஎஃப்எஸ் சேனல் என்பார்கள். ரேடார்களும் இருக்கும் பகுதி இது. அங்கே ஏபி பேசத் தொடங்கும் முன் குறைந்தது 60 வினாடி கேட்டுப் பார்க்கும். பிறகு எப்போதாவது ரேடார் துடிப்பு கேட்டால் சட்டென்று விலகிவிடும், 30 நிமிடத்துக்கு அந்த சேனல் பக்கம் வராது. ரீபூட் செய்த பிறகு "ஒரு நிமிஷமா 5 ஜியே வரலையே" என்று பதறாதீர்கள், காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது. (வாடிக்கையாளர்கள் 5 கிகாஹெர்ட்ஸை '5 ஜி' என்றே சொல்வார்கள். மொபைல் 5ஜி வேறு.) பயந்து ஒதுக்க வேண்டிய சேனல்கள் அல்ல இவை. கூட்டம் குறைவாக இருப்பதே இங்கேதான். ஒன்றிரண்டு ஏபியை இதில் போட்டு, ஒரு வாரம் லாகில் (ஏபியின் நிகழ்வுப் பதிவில்) ரேடார் என்ற சொல் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் இன்னும் சேர்க்கலாம்.

கடைசியில் அந்த லாட்ஜில் போட்ட திட்டம்: இடது பக்க ஏபிகளில் தரையிலிருந்து மேலே 36, 44, 60, 40. வலது பக்கத்தில் 149, 157, 165, 153. அடுத்தடுத்த எண்களான 40ம் 44ம் இரண்டு கூரை தள்ளி வருகின்றன, 153ம் 157ம் அப்படியே. மேலேயும் கீழேயும் உள்ள தளத்தை மறந்துவிட்டு ஒரே தளத்துக்குள் மட்டும் திட்டம் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. மாடிப்படியின் இடைவெளி வழியாகவும் சிக்னல் இறங்கும்.

ஆட்டோ சேனல் கூடவே கூடாதா? ஏபிகளை எல்லாம் ஒரு கன்ட்ரோலர் (மையக் கட்டுப்பாடு) சேர்த்து நடத்துகிறது என்றால், இரவு மூன்று மணிக்கு மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்லி ஆட்டோ வைக்கலாம். ஒவ்வொன்றும் தனித்தனியாக முடிவெடுக்கும் பெட்டிகள் என்றால் கையால் போடுங்கள்.

பவர்

இப்போதுதான் டிரான்ஸ்மிட் பவர் பக்கம் போக வேண்டும். சேனல் சரியாகும் முன் பவரைத் திருகினால் எதனால் என்ன மாறியது என்று தெரியாது.

ஹை, மீடியம், லோ என்று இருந்தால் மீடியத்தில் தொடங்குங்கள். எண் போட இடம் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு 17, 2.4க்கு 11. 2.4 சுவரை எளிதாகத் தாண்டும், அதனால் 6 டிபி குறைத்து வைக்கிறோம். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் தூரத்தில் உள்ள போன் 2.4ஐத்தான் பிடிக்கும், பிடித்ததை லேசில் விடாது.

பிறகு தாளை எடுத்துக்கொண்டு மறுபடி கட்டிலுக்குக் கட்டில் நடை. மைனஸ் 67ஐவிட மோசமான அறை வந்தால் அந்த ஏபியில் மட்டும் 2 அல்லது 3 ஏற்றுங்கள். 20க்கு மேலே போக வேண்டி வந்தால் அது பவர் பிரச்சினையே இல்லை, ஏபி இருக்கும் இடம்தான் தவறு. அந்த மூன்றாம் மாடிக் கடைசி அறைக்கு அப்படித்தான் ஆனது. ஏபியை நடைபாதையில் நாலு மீட்டர் நகர்த்தி, பாத்ரூம் சுவருக்கு எதிரே இருந்ததை அறைக் கதவுக்கு எதிரே மாற்றினோம். கட்டிலில் மைனஸ் 72 இருந்தது 17 டிபிஎம்மிலேயே மைனஸ் 63 ஆனது. கேபிள் இழுத்த செலவோடு முடிந்தது.

இடம் என்றதும் வேலூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுக்குள் மாட்டும் ஏபிகள் பலவற்றில் 40 டிகிரி வரைதான் தாங்கும் என்று போட்டிருக்கும். கத்தரி வெயிலில் நம் ஊர் மொட்டைமாடி ஷீட் கூரைக்கு அடியில் அது எம்மாத்திரம்? பகல் இரண்டு மணிக்கு மட்டும் தானாக ரீபூட் ஆகிறது என்றால் செட்டிங்ஸில் தேடாதீர்கள், பெட்டியைத் தொட்டுப் பாருங்கள்.

குறைந்தபட்ச வேகம்

பலரும் தாண்டிப் போகும் செட்டிங் இது, பலனோ பெரியது. ஒவ்வொரு ஏபியும் ஒவ்வொரு வைஃபை பெயரையும் நொடிக்குச் சுமார் பத்து முறை அறிவித்துக்கொண்டே இருக்கும். பீக்கன் என்று பெயர். இதை எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று மிகக் குறைந்த வேகத்தில் சொல்லும். 2.4ல் அது 1 எம்பிபிஎஸ், 1990களின் வேகம். ஓர் அறிவிப்பு 250 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 2000 பிட். 1 எம்பிபிஎஸ்ஸில் அதைச் சொல்லி முடிக்க 2 மில்லிவினாடிக்கு மேல் ஆகும். நொடிக்குப் பத்து முறை என்றால் ஒரு பெயருக்கே அந்தச் சேனலின் நேரத்தில் 2 சதவீதம் காலி. ஒரே சேனலில் 15 பெயர் கேட்டால், ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசாமலே 30 சதவீதம் போய்விட்டது.

இதில் நம் கையில் இருப்பது இரண்டு. மினிமம் டேட்டா ரேட்டை 2.4ல் 6 அல்லது 12க்கும், 5 கிகாஹெர்ட்ஸில் 12க்கும் ஏற்றுங்கள். 1, 2, 5.5, 11 எல்லாம் போய்விடும். மிகப் பழைய பிரிண்டர் ஏதாவது இருந்தால் மட்டும் இணைகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். அடுத்து, பெயர்களைக் குறையுங்கள். அந்த லாட்ஜில் தளத்துக்கு ஒரு பெயர், ஆபீஸுக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று, ஓனர் வீட்டுக்கு ஒன்று என்று ஏழு இருந்தது. இரண்டாகக் குறைத்தோம்: தங்குபவர்களுக்கு ஒன்று, உள்வேலைக்கு ஒன்று.

ரோமிங்

நடக்கும்போது போன் ஓர் ஏபியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதுதான் ரோமிங். எல்லா ஏபியிலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஒரே பாதுகாப்பு முறை. எப்போது ஏபி மாறுவது என்று முடிவெடுப்பது போன்தான், நாம் உதவி மட்டும் செய்யலாம். அந்த உதவிக்கான 802.11 கே, வி என்ற இரண்டு செட்டிங்கையும் ஆன் செய்யுங்கள், தொந்தரவு அரிது. மாறுவதை வேகமாக்கும் 802.11 ஆர் என்பதைப் போட்டால் பழைய கருவி சில இணைய மறுக்கும், அதனால் லாட்ஜில் நான் போடுவதில்லை.

மினிமம் ஆர்எஸ்எஸ்ஐ என்று ஒன்று உண்டு. சிக்னல் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் போனை ஏபி வெளியே தள்ளும். அருகில் வேறு நல்ல ஏபி இருந்தால்தான் இதற்கு அர்த்தம். கடைசி அறையில் இருப்பவருக்குப் போக்கிடமே இல்லாதபோது தள்ளினால், திரும்பத் திரும்ப இணைந்து அறுந்துகொண்டே இருக்கும். எல்லாம் முடிந்த பிறகும் ஒட்டிக்கொண்டு விடாத போன்கள் இருந்தால் மட்டும் மைனஸ் 80ல் வைத்துப் பாருங்கள்.

பாதுகாப்பில் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ், அல்லது டபிள்யூபிஏ2ம் 3ம் கலந்த முறை. டிகேஐபி என்ற பழைய முறை எங்காவது இருந்தால் எடுத்துவிடுங்கள், அது இருந்தால் வேகம் 54ஐத் தாண்டாது. தங்குபவர்களுக்கான வைஃபை பெயரில் கிளையன்ட் ஐசொலேஷன் (ஒருவர் கருவியை இன்னொருவர் கருவி தொட முடியாதபடி பிரிப்பது) ஆன்.

சரியாகிவிட்டதா என்று பார்ப்பது

ஸ்பீடு டெஸ்ட் இதற்கு உதவாது, அது ஒரு நிமிட ஓட்டம். இரவு ஒன்பது மணிக்கு ஒரு வீடியோ காலைப் போட்டுக்கொண்டு தரையிலிருந்து மூன்றாம் மாடி வரை நடந்து, கடைசி அறையில் பத்து நிமிடம் பேசுங்கள். கன்ட்ரோலரில் சேனல் யூட்டிலைசேஷன் (சேனலின் நேரத்தில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது) என்ற எண்ணைப் பாருங்கள். 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மூச்சு விட இடமிருக்கிறது. அங்கே 5 கிகாஹெர்ட்ஸில் 80க்கு மேல் காட்டிக்கொண்டிருந்த எண், 25க்கும் 35க்கும் இடையே வந்து நின்றது. 2.4 இன்னும் 60ஐ விட்டு இறங்கவில்லை. அக்கம்பக்கத்தார் பீக்கன்களை நாம் எதுவும் செய்ய முடியாது.

ஏதாவது சரியில்லை என்றால் ஒரே ஒரு செட்டிங்கை மாற்றி, ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது கெடுத்தது என்று தெரியாமல் பேக்கப்புக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கும்.

மறுவாரம் போனபோது பர்தமானிலிருந்து வந்த ஓர் அம்மா 304ஆம் அறையில் கட்டிலில் சாய்ந்தபடி பேரனோடு பேசிக்கொண்டிருந்தார். கதவு பாதி திறந்திருந்தது, படிக்கட்டில் யாரும் இல்லை. ஏபி வாரியாக சேனல், அகலம், பவர் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கீழே ஸ்விட்ச் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டிவிட்டு வந்தேன். பக்கத்தில் புது லாட்ஜ் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது திறந்ததும் மறுபடி ஓர் இரவு தாளோடு நடக்க வேண்டியிருக்கும் என்று ஓனரிடம் சொல்லியிருக்கிறேன்.